சலிப்புக்குப் பொருள்

அந்த வருடக் குழந்தைகள் தின விழாவுக்கு வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகள் எல்லாம் ஒரே நாடகத்தைத்தான் போட வேண்டும் என்று விருதுநகரிலிருந்து உத்தரவு வந்திருந்தது. நாடகத்தின் பெயர் 'பரண்மேல் பொம்மைகள்'. சைக்ளோஸ்டைல் எடுத்த தாள்கள்; மை அங்கங்கே ஈஷியிருந்தது. கடைசித் தாளில் 'அருஞ்சொற்பொருள்' என்று தலைப்பிட்டு, நாடகத்தில் வரும் கடினமான சொற்களையும் அவற்றின் பொருளையும் கொடுத்திருந்தார்கள். அதற்கும் கீழே ஒரு குறிப்பு: நாடகம் முடிந்ததும் நடுவர்கள் பிள்ளைகளை மேடையிலேயே நிறுத்தி இந்தச் சொற்களுக்குப் பொருள் கேட்பார்கள். அதற்குத் தனி மதிப்பெண். சொற்களை மாற்றக் கூடாது.

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த ஈராசிரியர் பள்ளிக்கு அந்தத் தாள்கள் வந்தபோது ஆடி பிறந்திருந்தது. தலைமையாசிரியர் கண்ணுச்சாமி அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பொன்னுத்தங்கத்திடம் நீட்டினார்.

"நீயே பாத்துக்கம்மா. நாடகம் கீடகம்னு சொல்லிப் பிள்ளைக நாலு நாள் கூட வந்தா ஆஜர்பட்டிக்கு நல்லதுதான்."

பொன்னுத்தங்கத்துக்கு இதுதான் முதல் வேலை. மல்லாங்கிணற்றில் கரிசல் காடு வைத்திருந்த குடும்பத்துப் பெண். பருத்தி பொய்த்துப் போன வருடத்திலும் அவள் அப்பா கடன் உடன் வாங்கி ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். வேலைக்கு வந்த புதிதில் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்றுதான். மற்ற ஊர்களில் மழை பெய்தால் பிள்ளைகள் பள்ளிக்கு வரமாட்டார்கள். இங்கே மழை பெய்தால்தான் வந்தார்கள். வெயில் இல்லையென்றால் பட்டாசு காயாது, கம்பெனியில் வேலை நடக்காது என்பது பிறகுதான் விளங்கியது. ஆனால் மழை எங்கே பெய்தது. மூன்றாம் வகுப்பில் பெயர் இருந்தவர்களில் பாதிப் பேரை அவள் முகம் பார்த்ததே அபூர்வம்.

நாடகத்தில் ஒரு வீட்டுப் பரண்மேல் பழைய பொம்மைகள் கிடக்கின்றன. மரக்குதிரை, சாவி கொடுத்தால் ஓடும் ரயில், துணிப்பொம்மை, தாளம் போடும் குரங்கு. தங்களைத் தூக்கி எறிந்துவிட்ட குழந்தைகளைப் பற்றி அவை ஒன்றுக்கொன்று முறையிட்டுக் கொள்கின்றன. கடைசியில் ஒரு குழந்தை ஏணி வைத்து ஏறி வந்து எல்லாவற்றையும் கீழே இறக்கிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் கதை.

அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியபோது முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள்ளேயே நிற்க வேண்டி வந்தது. குதிரை சொல்கிறது: 'குழந்தைகள் எங்களோடு விளையாடிச் சலிப்படைந்துவிட்டார்கள். அதனால் எங்களைப் பரண்மேல் எறிந்துவிட்டார்கள்.'

"சலிப்புன்னா என்னன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள் பொன்னுத்தங்கம்.

கருப்பணன் என்ற பையன் உடனே எழுந்தான். "தெரியும் டீச்சர். பட்டாசுக்கு மருந்து சலிக்கிறது."

"சல்லடையில போட்டுச் சலிப்பாக டீச்சர்," என்றாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இருளம்மாள். "கட்டியா இருக்கிறது மேல நின்னுக்கிரும். எங்க அக்கா அந்த வேலைதான் பாத்தா."

பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. பொன்னுத்தங்கம் கடைசித் தாளை எடுத்து வாசித்தாள். "சலிப்பு: ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் மனத்தில் தோன்றும் சோர்வு."

இருளம்மாள் மட்டும் கையைத் தூக்கினாள்.

"அதுக்குன்னு ஒரு பேரு இருக்கா டீச்சர்?"

"இருக்கு. அதுதான் சலிப்பு."

"வெளையாடுனா வருமா?"

"ஒரே பொம்மைய வச்சு ரொம்ப நாள் வெளையாடுனா வரும்."

இருளம்மாள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. டீச்சர் சொல்வதால் மறுத்துப் பேசாமல் உட்கார்ந்தாள். அந்தக் கேள்விக்குப் பொன்னுத்தங்கத்தாலும் அதற்கு மேல் பதில் சொல்லியிருக்க முடியாது. அலுத்துப்போகும் அளவுக்கு அவளுக்கும் யாரும் பொம்மை வாங்கிக் கொடுத்ததில்லை.

அடுத்த சொல் ஆடுகுதிரை. 'முன்னும் பின்னும் அசைந்தாடும் மரக்குதிரை' என்று தாளில் இருந்தது. கரும்பலகையில் வரைந்து பார்த்தாள்; கழுதை போல வந்தது. மறுநாள் காலையில் இருளம்மாள் ஒரு தீப்பெட்டி லேபிளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அச்சகத்தில் வண்ணம் விலகிப்போனதால் கழித்துப் போட்ட தாள். வளைந்த கட்டைகள்மேல் நின்ற குதிரையில் ஒரு பையன் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். சிவப்பு விலகி விழுந்திருந்ததால் அவன் வாய் கன்னத்தில் இருந்தது.

"இதுதான டீச்சர்?"

"இதேதான்."

அதன்பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு லேபிள் கொண்டு வந்தார்கள். ரயில் லேபிள், பொம்மை லேபிள், குரங்கு லேபிள். தாளில் இருந்த பொம்மைகள் எல்லாவற்றையும் அவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள், தீப்பெட்டி மேல் ஒட்டும் அளவில்.

ஆடுகுதிரை வேடத்தை இருளம்மாளுக்கே கொடுத்தாள் பொன்னுத்தங்கம். நாடகத்தில் அதிகம் பேசுவது அதுதான். ஒன்பது வயதுக்கு உயரம் போதாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒருமுறை காதில் விழுந்தது போதும். தன் வசனம், மற்றவர்கள் வசனம், அருஞ்சொற்பொருள் முழுவதும் ஆடி முடிவதற்குள் பாடமாகிவிட்டன. பாடமானதோடு நிற்கவில்லை. தாளில் எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டத் தொடங்கினாள். பிறகு அந்த எழுத்துகளை வேறு இடங்களில் கண்டுபிடித்தாள். மதிய உணவுக்கு வந்த சாக்கின்மேல், தபால் பெட்டியின்மேல், சுவரில் ஒட்டிய சினிமா நோட்டீஸின்மேல். 'வெண்டைக்காய்' என்ற சொல்லை வாசிக்க இரண்டாம் வகுப்பில் ஒரு வருடம் திணறிய பிள்ளை, இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தாள்.

ழகரம்தான் வரவில்லை. 'பொம்மை அழுகிறது' என்பதை 'அளுகுது' என்றே சொன்னாள். நாக்கை மடக்கிக் காட்டி, வாய்க்குள் விரலை வைத்துக் காட்டி, சாயங்காலம் சாயங்காலமாகப் பழக்கினாள் பொன்னுத்தங்கம். ஒருநாள் அது வந்தது. வந்ததும் இருளம்மாள் மைதானம் முழுக்க 'அழு, அழு, அழு' என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். தலைமையாசிரியர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பிள்ளைய அழச் சொல்லியா கொடுக்கிறே?" என்று கேட்டார். அன்று பொன்னுத்தங்கம் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த ஊருக்கு வந்தது வீண் போகவில்லை என்று அப்பாவுக்கு எழுதினாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருளம்மாளை விருதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குதிரையை லேபிளில் மட்டும் பார்த்தவள் குதிரையாக எப்படி அசைவாள் என்பது பொன்னுத்தங்கத்துக்கு உறுத்தலாக இருந்தது. தாய் முத்துப்பேச்சி மறுப்புச் சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி அனுப்பினாள்.

மிளகாய் வற்றல் நெடி அடிக்கும் பேட்டைத் தெருவைக் கடந்து பஜாருக்குள் நுழைந்தால் பீர் முகைதீனின் பேன்சி ஸ்டோர். வளையல், கண்ணாடி, சீப்பு, ரிப்பன். மேல் தட்டில் பொம்மைகள். பொன்னுத்தங்கம் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஸ்டூல் போட்டு ஏறி ஆடுகுதிரையை இறக்கித் தரையில் வைத்தார். சிவப்பு வார்னிஷ் அடித்த குதிரை.

"உக்காரும்மா. ஒடையாது," என்றார்.

இருளம்மாள் உட்காரவில்லை. அதன் கழுத்தில் ஒரு விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். குதிரை முன்னால் குனிந்தது. விரலை எடுத்ததும் பின்னால் சாய்ந்தது. அது ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி அழுத்தினாள்.

"முன்னும் பின்னும் அசைந்தாடும் மரக்குதிரை," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பீர் முகைதீனுக்கு அது பிடித்துப்போனது. "அடேங்கப்பா, நல்லாப் பேசுதே புள்ள. யாரு வீட்டுப் பிள்ளைங்க?"

"எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்," என்றாள் பொன்னுத்தங்கம். குரலில் பெருமை வழிந்ததை அவளே உணர்ந்தாள்.

அந்தப் பெருமை பஸ்ஸிலும் இறங்கவில்லை. சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இருளம்மாள் ரோட்டில் வந்த போர்டுகளை எல்லாம் வாசித்துக்கொண்டு வந்தாள். எண்ணெய் மில், பஞ்சுப் பேட்டை, மைல் கல். "அருஞ்சொற்பொருள் சொல்லு பாப்போம்," என்று பொன்னுத்தங்கமே எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பின் ஸீட்டில் இருந்த ஒருவர் முன்னால் குனிந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பொட்டலம். அதைப் பிரித்து, ஒரு பட்டாசு லேபிளை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டினார்.

"இதை வாசி பாப்போம்."

"தரைச்சக்கரம். பெரியது," என்றாள் இருளம்மாள்.

இன்னொன்றைக் கொடுத்தார். "கம்பி மத்தாப்பு. பச்சை."

"யாரு மகத்தா நீ?"

"முத்துப்பேச்சி மக."

"மூக்கம்மா தங்கச்சியா?" அவர் லேபிள்களைத் திரும்ப வாங்கிப் பொட்டலத்தில் வைத்தார். பிறகு பொன்னுத்தங்கத்தைப் பார்த்து, "நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கீக டீச்சரம்மா," என்றார். பொன்னுத்தங்கம் கை கூப்பினாள். அவர் கம்பெனி போர்மேன் சோலைச்சாமி என்று இறங்கும்போது கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் இருளம்மாள் ஒத்திகைக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று பொன்னுத்தங்கம் நினைத்தாள். அதற்கடுத்த நாளும் வராததால் சாயங்காலம் வீட்டுக்குப் போனாள்.

முத்துப்பேச்சி வாசலில் உட்கார்ந்து சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர், வாங்க. சாப்பிட்டீகளா?" என்றாள். அந்த முகத்தில் இப்படி ஒரு மலர்ச்சியைப் பொன்னுத்தங்கம் பார்த்ததில்லை. பாய் விரித்தாள். உள்ளே திரும்பி, "ஏத்தா மூக்கம்மா, டீச்சருக்குத் தண்ணி கொண்டா," என்றாள்.

மூத்தவள் செம்பைக் கொண்டுவந்தாள். பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். இடது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தன. கழுத்திலிருந்து காது வரை தோல் இழுத்துப் பிடித்திருந்தது. செம்பை வைத்துவிட்டுச் சேலையை இழுத்து முகத்தின் ஒரு பக்கத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

"இருளம்மாளக் காணோமே," என்றாள் பொன்னுத்தங்கம்.

"ஒங்க புண்ணியம் டீச்சர்," என்றாள் முத்துப்பேச்சி. "போர்மேன் ஆளு அனுப்பி, லேபிள் ரூம்ல உக்கார வச்சிருக்காக. பூச்சட்டிப் பெட்டியில சக்கரத்து லேபிள ஒட்டி அனுப்பி, மதுரைக்குப் போன லோடு அப்படியே திரும்பி வந்திருச்சாம். அங்கன இருக்கிற பொம்பளைக ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. இவதான் எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கா."

"முத்துப்பேச்சி, அவ மூணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை. நாடகத்துக்கு அவளத்தான் நம்பியிருக்கேன். இன்னும் ரெண்டு வருசம் விட்டா அஞ்சாங்கிளாஸ். அப்புறம் பெரிய பள்ளிக்கூடம். என்னைய மாதிரி வருவா."

முத்துப்பேச்சி குச்சிச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போனவன். முதலில் வருடத்துக்கு ஒருமுறை வந்தான். பிறகு வருவதில்லை.

"வருவா டீச்சர். ஒங்க வாய் முகூர்த்தம் வந்தாலும் வருவா. ஆனா அடுத்த வருசம் அவளுக்குப் பத்து வயசு. அந்த வயசு வந்தா மருந்து ரூமுக்குக் கூப்பிடுவாக. மூக்கம்மாள அப்படித்தான் கூப்பிட்டாக. நான் மாட்டேன்னு சொல்ல முடியல. இன்னிக்கு லேபிள் ரூம்ல எடம் கெடைச்சிருக்கு. அங்கன நெருப்பு இல்ல, மருந்து இல்ல. தாளும் பசையும்தான். இந்த எடத்த விட்டா வேற யாராவது உக்காந்திருவாக." நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எழுத்துச் சொல்லிக் கொடுக்காட்டா எம் பிள்ளைக்கு இந்த எடம் கெடைச்சிருக்காது. எங்க கொலசாமிக்கு அடுத்தபடி நீங்கதான்."

உள்ளே மூக்கம்மாள் ஒரு கையால் அரிசி புடைக்கும் சத்தம் கேட்டது. பொன்னுத்தங்கம் செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் கம்பெனி கேட்டுக்குப் போனாள். சோலைச்சாமி மரியாதையாகவே பேசினார். நாற்காலி போடச் சொன்னார்.

"படிச்ச ஆம்பளை ஒருத்தன வச்சா மேஜை நாற்காலி கேப்பான் டீச்சரம்மா. இந்தப் பிள்ளை தரையில உக்காந்து வேலையப் பாக்குது. சீசன் நேரம். இப்பப் போயி பிள்ளைய விடுங்கன்னு கேட்டா நான் என்ன செய்ய?"

"சாயங்காலம் ஒரு மணி நேரமாவது விடுங்க. ஒத்திகைக்கு."

"சாயங்காலந்தான் லோடு ஏத்துறது. தீபாவளி முடியட்டும், பாப்போம். அதுக்குப் பெறகுதான ஒங்க விழா?" என்றார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "மருந்து பத்துன அன்னிக்கு மூக்கம்மாளத் தூக்கிக்கிட்டு ஓடுனவன் நான்தான். தங்கச்சிக்கு ஒரு நல்ல எடமாப் பாத்துக் கொடுக்கணும்னு மனசுல கெடந்துச்சு. நான் ஒண்ணும் கெடுதல் செய்யல."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பொன்னுத்தங்கத்தை அதிகம் சோர்வடையச் செய்தது. கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை.

தீபாவளிவரை காத்திருந்தாள். குதிரையின் வசனத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் தானே வாசித்து ஒத்திகை நடத்தினாள். சீசன் முற்ற முற்றப் பிள்ளைகள் குறைந்தார்கள். குரங்கு வேடத்துப் பையன் ஒருநாள் நின்றான். துணிப்பொம்மை வேடத்துப் பெண் அதற்குப் பிறகு நின்றாள். புதிதாகச் சேர்த்தவர்களுக்கு முதலிலிருந்து சொற்களைச் சொல்லிக் கொடுத்தாள். அவர்களும் நின்றார்கள். பரண், சாவி, ஆடுகுதிரை, சலிப்பு என்று கரும்பலகையில் எழுதியது அழிக்கப்படாமலே கிடந்தது. தலைமையாசிரியர் வகுப்பறையைத் தாண்டிப் போகும்போது நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவார், பிறகு போய்விடுவார்.

தீபாவளி முடிந்தது. ஊரே காகிதக் குப்பையாகக் கிடந்த மறுநாள், ஓடைக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த இருளம்மாளைப் பார்த்தாள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்திருந்தாள். விரல் நகங்களில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"வா, ஒத்திகைக்குப் போவோம். போர்மேன் தீபாவளி முடிஞ்சா விடுறேன்னு சொல்லியிருக்காரு."

இருளம்மாள் துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். "இல்ல டீச்சர். நாளைக்கே வேலை இருக்கு. கிறிஸ்மஸுக்கு மலையாளத்து ஆர்டர் வந்திருக்கு. அந்த லேபிளெல்லாம் மலையாள எழுத்து. போர்மேன் எனக்கு அதுவும் சொல்லித் தாராரு. சீக்கிரமாப் பிடிச்சுக்கிட்டேன்."

"அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வா போதும். ஒனக்குத்தான் எல்லாம் பாடமாச்சே."

"நான் போனா அங்கன ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது டீச்சர். பெரிய பொம்பளைக எல்லாம் என்னையத்தான் கேப்பாக. 'இருளம்மா, இது என்னத்தா, அது என்னத்தா'ன்னு." சொல்லும்போது அவள் முகம் பிரகாசமாக இருந்தது. "எனக்குப் புடிச்சிருக்கு டீச்சர்."

பொன்னுத்தங்கம் கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குதிரை மாதிரி ஆடணும்னு ஆசையா இருந்துச்சே ஒனக்கு."

"அது சின்னப்பிள்ளைக வெளையாட்டு," என்றாள் இருளம்மாள். சொல்லிவிட்டு டீச்சர் வருத்தப்படுகிறாளோ என்று பார்த்தாள். "நீங்க கோவிச்சுக்கிறாதீக," என்றாள். துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈரம் சொட்ட ஏறிப் போனாள்.

விழாவுக்கு முந்தின வாரம் குதிரை வேடத்தைக் கருப்பணனுக்குக் கொடுத்தாள். கம்பெனியில் இருமல் வந்து வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு அவன் பள்ளிக்குத் திரும்பி வந்திருந்தான். மனப்பாடம் ஆகாததால், மேடைக்குப் பக்கவாட்டில் நின்று மெதுவாக எடுத்துக் கொடுப்பதாகச் சொல்லி வைத்தாள்.

விருதுநகரில் பந்தல் போட்டிருந்தார்கள். டவுன் பள்ளிப் பிள்ளைகள் வெல்வெட்டுத் துணியில் வேடம் தைத்து, நிஜ ஆடுகுதிரை ஒன்றை மேடையில் வைத்து நடித்தார்கள். அது பீர் முகைதீன் கடையில் பார்த்த குதிரையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. இவர்கள் முறை வந்தபோது கருப்பணன் முதுகில் கட்டிய அட்டை நழுவியது. அவன் இருமினான். வசனங்களை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொன்றாகச் சொன்னான். பாதியில் நிற்காமல் நாடகம் எப்படியோ முடிந்தது.

நடுவர்களில் ஒருவர் மேடை ஏறினார். அன்பாகவே கேட்டார். "குதிரையாரே, சலிப்பு என்றால் என்ன?"

கருப்பணன் பக்கவாட்டில் பார்த்தான். பொன்னுத்தங்கம் வாயைத் திறந்தாள். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று இன்னொரு நடுவர் கையைக் காட்டினார்.

"மருந்து சலிக்கிறது சார்," என்றான்.

பந்தல் சிரித்தது. "என்ன மருந்து? இருமலுக்கா?" என்று நடுவர் கேட்டார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் கருப்பணனும் சிரித்தான். அப்படிச் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, சல்லடை பிடித்துச் சலிப்பது எப்படி என்று செய்து காட்டினான். தோளை அசைக்காமல், மணிக்கட்டு மட்டும் ஆட, தூசி எழும்பாமல், பதமாக. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதையும் நாடகத்தில் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

பொன்னுத்தங்கம் மேடைக்கு ஏறிப் போய் அவன் கைகளைப் பிடித்து இறக்கினாள். திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பன் வாங்கிக் கொடுத்தாள். "நல்லாச் செஞ்சேனா டீச்சர்?" என்று கருப்பணன் கேட்டான். "நல்லாச் செஞ்சேலே," என்றாள். மாசியில் அவன் இருமல் அதிகமாகி, சித்தப்பா வீட்டுக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை.

மாற்றல் கேட்டு எழுதலாமா என்று கோடை விடுமுறையில் மல்லாங்கிணற்றில் இருந்தபோது யோசித்தாள். எங்கே போவது என்று தெரியவில்லை. அவள் அண்ணன் மகள்கூடப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, பக்கத்து ஊரில் தீப்பெட்டி ஒட்டப் போக ஆரம்பித்திருந்தாள். ஜூனில் பழைய ஊருக்கே திரும்பினாள்.

பள்ளி திறந்த அன்று வாசலில் கூட்டம் நின்றது. முதலில் ஏதோ தகராறு என்று நினைத்தாள். கிட்டே போனால் எல்லோரும் தாய்மார்கள், கையில் பிள்ளைகள். ஐந்து வயது, நான்கு வயது, சிலது இன்னும் நடை சரியாக வராதவை. தலைமையாசிரியர் கண்ணுச்சாமி ஆஜர்பட்டியை விரித்து வைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்ததே இல்லை.

"பாத்தியாம்மா," என்றார். "நாம தேடிப்போயிக் கெஞ்சுவோம். இந்த வருசம் அதுகளா வந்து நிக்குதுக. இன்ஸ்பெக்டர் அசந்து போவாரு."

கூட்டத்துக்கு முன்னால் முத்துப்பேச்சி நின்றாள். ஒவ்வொருத்தியாகக் கூட்டிவந்து டீச்சரிடம் நிறுத்தினாள். "இவுகதான். எம் மகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த டீச்சர் இவுகதான்."

வெள்ளைத்தாய் என்ற பெண் தன் மகனை முன்னால் தள்ளினாள். அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய பையன். "இருளம்மா மாதிரி இவனையும் வாசிக்க வச்சிருங்க டீச்சர். லேபிள் ரூம்ல இன்னும் ரெண்டு பேருக்கு எடம் இருக்காம். மத்த கம்பெனிக்காரகளும் கேக்காகளாம்."

"லேபிள் வாசிக்கவா?" என்றாள் பொன்னுத்தங்கம்.

"ஆமா டீச்சர். அது வந்திருச்சுன்னாப் போதும். மருந்து ரூமுக்கு அனுப்பாமத் தப்பிச்சுக்கிருவேன்." அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "எத்தனாங்கிளாஸ் வரைக்கும் வரணும்?"

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். எல்லோருக்கும் வேண்டியிருந்தது அந்தப் பதில்தான்.

பொன்னுத்தங்கம் பையனைப் பார்த்தாள். அவன் ஆஜர்பட்டியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அஞ்சாங்கிளாஸ் முடிக்கணும்," என்றாள். "அதுக்கு முன்னால வராது. எழுத்துத் தப்பும். லேபிள் மாறிப் போயிரும்."

வெள்ளைத்தாய் முத்துப்பேச்சியைத் திரும்பிப் பார்த்தாள். முத்துப்பேச்சி தயங்கி, டீச்சரைச் சங்கடப்படுத்த மனமில்லாதவள் போல மெல்லச் சொன்னாள்.

"இருளம்மா மூணுலயே வாசிச்சிட்டாளே டீச்சர்."

ரோட்டில் கம்பெனி லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு, மூன்றாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று தங்களுக்குள் பேசிக்கொண்டே வேகமாகப் போனார்கள். தலைமையாசிரியர் பேனாவை மையில் தொட்டு, "அடுத்த பேரு?" என்றார். பொன்னுத்தங்கம் குனிந்து பையனிடம் பெயர் கேட்டாள். அவன் சொன்ன பெயரில் ஒரு ழகரம் இருந்தது. அவனுக்கும் அது வரவில்லை.